எந்தப் படத்துல பாடியிருக்கா?

என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதல் பதிவு 2022 ஜூலை 4: கிதார் கம்பி ஒரு செட், 550 ரூபாய். எதிர்ப்பக்கத்தில் அன்று ஒன்றும் இல்லை. அதற்கடுத்த மூன்று மாதமும் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சென்னையில் மாதம் 24,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "வேலைய விட்டுட்டேன்ப்பா, இனிமே பாட்டு எழுதிப் பாடப்போறேன்" என்றாள். திட்டவும் வாய் வரவில்லை, நல்லாயிரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. மறுநாள் முருகன்குறிச்சிக்குப் போய் இந்த நோட்டை வாங்கினேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

"ரெண்டு வருஷம் பாப்போம்ட்டி. உன் பாட்டுக்குப் போறதும் வாறதும் ஒவ்வொரு ரூபாயும் எனக்குச் சொல்லணும்" என்றேன். சரி என்றாள். அவள் அம்மாதான் பக்கத்தில் நின்று, "பிள்ளைய வேலைக்கு வச்ச மாதிரில்லா பேசுதீங்க" என்று முறைத்தாள்.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத் தேவாலயத்து மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. கோயிலில் பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளை ஒன்பது பத்து வயதிலேயே சேர்த்துவிடுவார்கள். இவள் ஆல்டோ, பெண் குரல்களில் தாழ்ந்த குரல். சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி, ஞாயிறு ஆராதனை, டிசம்பர் வந்தால் ராத்திரி ராத்திரியாகக் கேரல் ரவுண்ட்ஸ். இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இசை என்பது அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற அக்கா பாடுவதைக் கேட்டுக் கேட்டு நான்கு குரலில் ஒரு குரலாகிவிடுவார்கள்.

எங்களிடம் இரண்டு வகைப் பாட்டு உண்டு. பாமாலை, கீர்த்தனை. பாமாலை, மேல்நாட்டு மெட்டில் தமிழ் வார்த்தையை உட்காரவைத்தது. கீர்த்தனை, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு இங்கேயே பிறந்தது. நாற்பது வருடம் இரண்டையும் பாடியிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது இவள் கேட்டாள்: "பாமாலையில மட்டும் ஏம்ப்பா குறில இழுத்து நெடில முழுங்குதோம்?" வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தேன். ஆமாம். பிள்ளைக்குக் காது இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். தெரிந்து என்ன, கணக்கில் எத்தனை மதிப்பெண் என்றுதான் அடுத்துக் கேட்டேன்.

கிதார் வந்த கதை சின்னது. குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பையனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. தன் பழைய கிவ்சன் கிதாரை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். கல்கத்தாவில் செய்கிற கிதார், நம்மூரில் முக்கால்வாசிப் பேர் முதலில் தொட்டது அதைத்தான். கம்பி பலகையை விட்டு நன்றாகத் தூக்கி நிற்கும். விரல் நுனி கிழிந்து, காய்த்து, சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது எரிகிறது என்று கத்துவாள்.

முதல் பாட்டு 2017-ல், பிளஸ் ஒன் படிக்கும்போது. அது ஆச்சியைப் பற்றியது. ஆச்சி என்றால் என் அம்மா.

அம்மா பீடி சுற்றினவள். மடியில் தட்டு. தட்டில் ஒரு பக்கம் ஈரத்துணியில் பொதிந்த இலை, ஒரு பக்கம் தூள். தகட்டு அச்சை இலைமேல் வைத்துக் கத்திரியால் சுற்றி வெட்டுவாள். நரம்பைச் சீவி, தூள் போட்டு, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிக் குத்துவாள். பேச்சு நிற்காது, கை நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று ஒரு பிடி ஒதுக்கிவிடுவார்கள், அதையும் சேர்த்துச் சுற்றித்தான் ஆயிரம் காட்டவேண்டும். இலை பற்றாமல் போனால் கைக்காசு போட்டு வெளியில் வாங்கவேண்டும். நான் படித்ததும் சங்கத்தில் வேலைக்குப் போனதும் அந்தத் தட்டில் இருந்து வந்த காசில்தான்.

இவள் அந்தக் கத்திரிச் சத்தத்தைத் தாளமாக்கினாள். டிக், டிக், ஒரு இடைவெளி, டிக். அதன்மேல் வீட்டுப் பேச்சிலேயே வரி:

ஆயிரத்துக்கு ஒண்ணு குறைஞ்சா
ஆச்சி தூங்க மாட்டா.
எண்ணி முடிச்ச ராத்திரிக்கு
விடியக் கூட மாட்டா.

சமையற்கட்டில் உட்கார்ந்து பாடிக்காட்டினாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான், "நல்லாருக்கு. பரீட்சை என்னைக்கு?" என்று கேட்டேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பி.காம்., நடுவில் கொரோனா, 2021 கடைசியில் சென்னை. பகலில் ஒரு கம்பெனியில் பில் சரிபார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ஓபன் மைக். பெயரைக் கொடுத்துவிட்டு, சில இடங்களில் காசும் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருந்து இரண்டு பாட்டுப் பாடலாம். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்துப் பாட இருப்பவர்கள். வேலையை விட்ட பிறகு உணவகங்களில் பாடப் போனாள். அங்கே ஒரே நிபந்தனை: சொந்தப் பாட்டு கூடாது. தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டு, கொஞ்சம் இந்தி, யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதற்கொரு பாட்டு. இரண்டு மணி நேரத்துக்கு 3,000 ரூபாய் பேசிய ஒரு இடத்தில் பாடி முடித்ததும் மேலாளர் அடுத்த வாரம் தருகிறேன் என்றார். நான்கு அடுத்த வாரம் போனது. கடைசியில் 1,500 ரூபாய்க்குச் சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தார்கள்.

"இத எந்தப் பக்கம் எழுததுப்பா?" என்று போனில் கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

"நாலு பேரு போய்ச் சாப்பிட்டோம்."

வரவில் 1,500, செலவில் 1,500 என்று எழுதினேன். என் அனுபவத்தில் இப்படி ஒரு பதிவு அதற்குமுன் எழுதியதில்லை.

குடியிருந்தது பல்லாவரத்தில் ஒரு சின்ன அறை. கண்டென்சர் மைக், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க செகண்ட் ஹேண்டில் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன்: மொத்தம் 31,400. ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் கொடுக்கிற காசுக்கு இது மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள், நானும் சரிபார்த்தேன். ஆனால் அறைக்கு ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் விமான நிலையம். துணி நிறைந்த பீரோவின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, அதற்குள் முகத்தை நீட்டிப் பாடுவாள். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். மின்சார ரயில் ஓய நள்ளிரவாகும். ரயில் ஓய்ந்தால் விமானம். ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் காதைக் கூர்மையாக்கினால் தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்கும். அதை எடுக்கவில்லையா என்று கேட்டேன். "இருக்கட்டும்ப்பா, நேரத்த வச்சுப் பாத்தா அது நம்ம நெல்லை எக்ஸ்பிரஸ்தான்" என்றாள்.

ஆச்சி பாட்டு 2023-ல் வெளிவந்தது. வெளியிடுவதற்கு இப்போது கம்பெனி வாசலில் நிற்கவேண்டியதில்லை. விநியோகத் தளம் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினால், ஸ்பாட்டிஃபை மாதிரி இணையத்தில் பாட்டுக் கேட்கிற தளங்கள் எல்லாவற்றுக்கும் அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளக் குறி விழுகிறது. அதற்கான படிவத்தை அவள் லீவுக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். பாடியவர்: அவள் பெயர். இசை: அவள் பெயர். பாடலாசிரியர்: மறுபடி அவள் பெயர். ஒரே பெயரை மூன்று கட்டத்தில் பார்த்ததும், தவறாக நிரப்புகிறாள் என்று நினைத்து, "நல்லாப் பாத்து எழுதுட்டி" என்றேன்.

அந்த மூன்று கட்டமும் சும்மா இல்லை என்று பிறகு புரிந்தது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில், 1957-ல் வந்தது அது, பாட்டின் வரி ஒரு சொத்து, மெட்டு இன்னொரு சொத்து, ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை அதை உண்டாக்கியவர் இறந்து 60 வருடம் வரைக்கும் இருக்கிறது. 2012-ல் சட்டத்தைத் திருத்தி, எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். அதை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்று ஒரு அமைப்பு, 1969-லிருந்து மும்பையில் இருக்கிறது. 2017-ல் தன் பாடல்களை மேடையில் பாடுவது பற்றி எஸ்.பி.பி.க்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார் என்று செய்தி வந்தபோது, எங்கள் அலுவலக வாசல் டீக்கடையே எஸ்.பி.பி. பக்கம் நின்றது. நானும்தான். இன்றைக்கும் எஸ்.பி.பி. குரல் கேட்டால் எனக்கு வேறு நியாயம் தோன்றாது. ஆனால் வீட்டிலேயே ஒருத்தி மெட்டுக்கு ஒரு கட்டம், வரிக்கு ஒரு கட்டம் என்று நிரப்புவதைப் பார்த்த பிறகு, ராஜா கேட்டது என்ன கேள்வி என்றாவது விளங்கியது.

ஆச்சி பாட்டு தொடங்கும்போது நாற்பது விநாடிக்கு வெறும் கத்திரிச் சத்தம் வைத்திருந்தாள். நண்பர்கள் பதறினார்கள். ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் தள்ளிவிட்டால் பூஜ்யம். 2024-லிருந்து இன்னொரு விதியும் உண்டு: ஒரு பாட்டைப் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்டிருந்தால்தான் அதற்குக் காசே. இரண்டு நாள் யோசித்துக் கத்திரியைப் பன்னிரண்டு விநாடியாக வெட்டினாள். அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா சொன்னாள். ஏழு மாதத்தில் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 11,000 முறை கேட்டிருந்தார்கள். வந்தது 870 ரூபாய். விநியோகத் தளத்துக்குக் கட்டிய ஆண்டுச் சந்தா அதைவிட அதிகம்.

அந்த வருடம் மைத்துனன் வீட்டுக் கல்யாணத்தில்தான் இது நடந்தது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது.

"பிள்ளை எந்தப் படத்துல பாடியிருக்கா அத்தான்?"

"படத்துல இல்லப்பா. சொந்தமாப் பாடுதா."

"அது சரி. எந்தப் படம்?"

விளக்கினேன். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடுகிறாள் என்றேன். கேட்டுக்கொண்டான். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே, "அப்போ சினிமாவுக்கு ட்ரை பண்ணுதான்னு சொல்லுங்க" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதே கேள்வியை அதற்கு ஒரு வருடம் முன்னால் நானும் கேட்டவன்தான்.

நமக்குப் பாட்டென்றால் சினிமா. எழுத ஒருவர், மெட்டுக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர், திரையில் வாயசைக்க ஒருவர். இது தொன்றுதொட்டு வந்த ஏற்பாடு ஒன்றும் இல்லை. 1930-களில் நடிப்பவரே பாடினார். பாபநாசம் சிவன் வரியும் எழுதி மெட்டும் போட்டார். பின்னணிப் பாடல் அதற்குப் பிறகு வந்ததுதான். வரியும் மெட்டும் ஒருவரிடமே பிறந்தால் அவரை வாக்கேயக்காரர் என்று சொல்ல நம்மிடம் சொல்லே இருந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் தேடிப் படித்தேன், மகளுக்காக வாதாட ஆதாரம் திரட்டுகிற மாதிரி. நாங்கள் கோயிலில் பாடுகிற கீர்த்தனைகளில் பல வேதநாயகம் சாஸ்திரியாருடையவை. 1774-ல் இந்தத் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூருக்குப் போனவர். எட்டயபுரத்துப் பாரதி தன் பாட்டுக்குத் தானே ராகம் வைத்துப் பாடினார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் காவடிச் சிந்து பாடினார். தோளில் காவடியோடு நடக்கிற காலுக்கு ஏற்ற தாளம் அது. முப்பது வயதைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை ஊற்றுமலை ஜமீன் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார்.

இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஜமீன் நம்பர் இருக்காப்பா?" என்றாள்.

சினிமா பக்கமே போகாமலும் இல்லை. கோரஸ் பாடினாள். ஒருமுறை ட்ராக் பாடக் கூப்பிட்டார்கள். ட்ராக் என்றால், மெட்டுப் பிடிபடுவதற்காக ஒருவரைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு, பிற்பாடு பெயர்பெற்ற பாடகரை வைத்து அதே பாட்டை மறுபடி பதிவது. சிலசமயம் ட்ராக் குரலே நிலைத்துவிடுவதும் உண்டு, அந்த நப்பாசையில்தான் எல்லோரும் போகிறார்கள். இவள் குரல் நிலைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பாளை பேருந்து நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ்ஸில் போகிறேன், டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். வேறு ஒரு பெண் குரல், அருமையான குரல்தான். அனுபல்லவி முடிகிற இடத்தில் ஒரு சின்ன வளைவு வரும், கேள்வி கேட்டு நிறுத்துகிற மாதிரி. அது ஆச்சி பேசுகிற பேச்சில் இருக்கிற இழுப்பு. மெட்டோடு சேர்த்து அந்தப் பாடகி அதையும் அப்படியே படித்திருக்கிறார். வழியில் வண்ணாரப்பேட்டை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். "அதுக்கு எந்தக் கட்டமும் கிடையாதுப்பா."

நோட்டின் மூன்றாவது வருடத்தைக் கூட்டிவைத்திருக்கிறேன். ஆன்லைனில் கிதார் வகுப்பு 1,68,000. கல்யாணம், கல்லூரி விழா 74,000. ஒரு விளம்பரப் பாட்டு 25,000. சினிமா கோரஸ் 12,000. சொந்தப் பாட்டை மட்டும் வைத்து நடத்திய இரண்டு நிகழ்ச்சி 9,500. பாட்டுத் தளங்கள் 2,140. மொத்தம் 2,90,640. விட்டுவந்த வேலையின் ஆண்டுச் சம்பளத்தைவிட 2,640 ரூபாய் அதிகம். செலவைக் கழிக்கவில்லை. அந்த வேலையில் இருந்திருந்தால் இதற்குள் சம்பளம் கூடியிருக்கும், அதையும் சேர்க்கவில்லை. கணக்கு எழுதுகிறவன் இப்படி ஏமாற்றக்கூடாதுதான். பாட்டுக்காரி ஆவதற்காக வேலையை விட்டவள் கடைசியில் கிதார் டீச்சராகத்தான் சம்பாதிக்கிறாள் என்று நோட்டு சொல்கிறது. காலை ஆறு மணிக்கு அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு, பத்து மணிக்கு மேல் அவள் எழுத்து. "வகுப்பு இருக்கதால தான்ப்பா எந்த ஓட்டல்காரன்கிட்டயும் போய் நிக்காம இருக்கேன்" என்கிறாள். ரெண்டு வருஷக் கெடு முடிந்ததை இருவருமே பேசவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, ஆச்சிக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டாள். அம்மாவுக்கு 84 வயது. காது கொஞ்சம் மந்தம், அதனால் அதுவரை போனில் கேட்டதெல்லாம் சரியாக விழுந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டாள். மடியில் இரண்டு கையும் தானாக அசைந்தன. வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி குரலைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

"இது என்னத்தட்டி வெட்டுத?"

"பேப்பர், ஆச்சி. அட்டை."

"அதான் கேட்டேன். இலை சத்தம் இப்படியா இருக்கும்? காஞ்ச இலைன்னா நொறுங்கும். ராத்திரியே நனைச்சு, துணியில கட்டிப்போட்டு, விடியக்காலம் வெட்டணும். அப்பதான் கத்திரி பேசும்."

அம்மாவுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி மேலப்பாளையத்தில் இன்னும் சுற்றுகிறாள். மறுநாள் மகள் அவளோடு கடைக்குப் போய் இலை வாங்கி வந்தாள். ராத்திரி வாளியில் நனைத்தோம். விடிய நாலரை மணிக்கு அம்மா நடைப்படியில் உட்கார்ந்து, பழைய தகட்டு அச்சை இலைமேல் வைத்து, முப்பது இலை வெட்டினாள். மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். ஃபேனை நிறுத்திவிட்டு நான் வாசலில் நின்று, பால்காரரைத் தெருமுனையிலேயே கை காட்டி நிறுத்தினேன்.

அன்றைய தேதியில் வலப்பக்கம் எழுதியிருக்கிறேன்: பீடி இலை, கால் கிலோ.